பதினோராவது விருந்தாளி

பெயர்: பர்சானா. கணவர் பெயர்: அன்சார். வயது: நாற்பத்து மூன்று. தொழில்: வீட்டு வேலை. விலாசம்: நடுத்தெரு, லப்பைக்குடிக்காடு, குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம். எதிர்மனுதாரர் அல்தாப் என்பவரின் உடன்பிறந்த அக்காள். உட்கோட்ட நிர்வாக நடுவர் முன்பாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் கத்தாரில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். என் தம்பி அல்தாப்பும் அவன் மனைவி ஷைமாவும் கைக்குழந்தையோடு என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். அல்தாப் உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்கொட்டை வாங்கி விற்று வந்தான். அதில் ஒன்றும் தேறவில்லை என்பதால் என் கணவர் தன் கம்பெனியிலேயே அவனுக்கு விசா ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததால் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டு, போலீஸ் அறிக்கைக்காகக் காத்திருந்தோம். அந்த அறிக்கை இன்று வரை போகவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் அவன் அங்கே போய்ச் சேராவிட்டால் அந்த வேலையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அய்யா அவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் போலீஸ் வருவது புதிது அல்ல. சுதந்திர தினத்துக்கு முன்னால் வருவார்கள், டிசம்பர் ஆறுக்கு முன்னால் வருவார்கள், நாங்கள் பேர்கூடக் கேள்விப்படாத ஊரில் குண்டு வெடித்தால் மறுநாள் எங்கள் தெருவில் ஜீப் நிற்கும். யார் வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், யாருடைய பயானை, அதாவது மார்க்கச் சொற்பொழிவை, செல்போனில் கேட்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். போன வருடம் வாலிபர்களை வரிசையாக நிற்க வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தார்கள். ஒரு காவலர் அல்தாப்பிடம், "தாடி எப்பலேருந்து வெச்சிருக்க?" என்று கேட்டார். "மொளச்சதுலேருந்து சார்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக அவனை மட்டும் சாயங்காலம் வரை நிலையத்து வாசலில் உட்கார வைத்தார்கள்.

கடந்த மாதம் எங்கள் பள்ளிவாசலுக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்து ஒரு ஜமாஅத் வந்தது. ஜமாஅத் என்றால் ஊர் ஊராகப் போய், பள்ளிவாசலில் மூன்று நாள் தங்கி, தொழுகையைப் பற்றி எடுத்துச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். வந்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேருடைய ஆதார் நகலையும் பள்ளிவாசல் நிர்வாகம் அன்றே காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டது. இப்படி வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் வீட்டு முறை வைத்துச் சாப்பாடு போடுவார்கள். இந்தத் தடவை முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. நானும் ஷைமாவும் ஆக்கினோம், அல்தாப் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சாப்பாட்டைத் தனித்தனித் தட்டில் வைப்பதில்லை. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, ஆணம் என்கிற குழம்பை ஊற்றி வைத்தால், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடம் நீ யார், எந்த ஊர், பேர் என்ன என்று கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவோம். இதை எத்தனை தடவை சொன்னாலும் காவல் நிலையத்தில் நம்ப மறுக்கிறார்கள்.

முதல் நாள் மத்தியானம், சாப்பாடு வைக்கும் நேரத்தில், பள்ளிவாசல் வராந்தாவில் தமிழ் பேசுகிற ஒரு ஆள் உட்கார்ந்திருந்திருக்கிறார். வியாபார விஷயமாக வந்ததாகவும் பஸ்ஸை விட்டுவிட்டதாகவும் சொன்னாராம். அல்தாப், "வாங்க பாய், வந்து உக்காருங்க" என்று சஹனில் உட்கார வைத்திருக்கிறான். அதன் பிறகு வீட்டுக்கு வந்து என்னிடம், "லாத்தா, ஒருத்தரு கறியத் தொடவே இல்ல. வயித்துக்கு ஆவல போலருக்கு" என்றான். நான் மறுநாள் அவருக்கென்று பருப்பும் கத்தரிக்காயும் தனியாக ஆக்கி அனுப்பினேன். அவர் அங்கேயே தங்கியதால் அல்தாப் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பாயும் தலையணையும் கொண்டுபோய்க் கொடுத்தான். மூன்றாம் நாள் ஜமாஅத் கிளம்பிய பிறகு, அந்த ஆள் காலியான சஹனை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அல்தாப்போடு என் வாசல் வரை வந்தார். "பருப்பு நல்லா இருந்துச்சுங்க" என்றார். "வயித்தப் பாத்துக்கங்க தம்பி" என்று சொன்னேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் கழித்து அல்தாப்பை நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிவாசலுக்கு எதிரே கம்பத்தில் இருக்கும் கேமராவில் வெளியூர் ஆட்கள் பதினோரு பேர் தெரிகிறார்கள், ஆதார் பத்துதான் இருக்கிறது, பதினோராவது ஆள் யார், அவனை எங்கே அனுப்பிவைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொன்னான். "பேரு தெரியாதவனுக்குப் பாயும் தலகாணியும் குடுத்தியா?" என்று ஆய்வாளர் கேட்டிருக்கிறார். "ஆமாங்க சார்" என்றிருக்கிறான். உள்ளதைச் சொன்னதற்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வீங்கிய கன்னத்தோடு வந்தவனைப் பார்த்து ஷைமா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதிலிருந்து தினமும் காலையில் வரச் சொல்லி, இருட்டும் வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை.

அதோடு விடாமல் உடையார்பாளையத்துக்கும் போயிருக்கிறார்கள். அங்கே பூங்காவனம் என்ற அம்மாளின் தோப்பில்தான் அல்தாப் கொட்டை வாங்குவான். அந்த அம்மா எனக்குப் போன் செய்து, "ஏம்மா, தம்பி என்ன தப்பு பண்ணுச்சு? ரெண்டு பேரு வந்து, அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்குறானுவ. கொட்டைல ஈரம் இருந்தா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு வெலயக் கொறைப்பான், வேற ஒரு கெட்ட பழக்கமும் கெடயாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மற்ற தோப்புக்காரர்கள் அல்தாப்புக்குக் கொட்டை கொடுக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, யாருக்குத்தான் வாசலில் போலீஸ் வந்து நிற்பது பிடிக்கும்?

அதன் பிறகு, அல்தாப் வெளியூர் போகக் கூடாது என்று நிலையத்தில் சொல்லிவிட்டதால், பூங்காவனம் அம்மாள் வீட்டில் கிடந்த அவனுடைய தராசையும் சாக்குகளையும் எடுத்து வர நான் போனேன். திரும்பும்போது அரியலூர் பேருந்து நிலையத்தில் பஸ் மாறுவதற்காக நின்றேன். அங்கே சீருடையில் ஒரு காவலர் ஆட்டோக்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது புருவத்தில் தழும்பு. என் வீட்டுச் சஹனைப் பிடித்துக்கொண்டு வந்த அதே ஆள். நான் நேரே போய், "தம்பி, வயிறு இப்ப தேவலயா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்க?" என்றார். "மூணு நாளு சோறாக்கிப் போட்டவ. ஒங்களத்தான் பதினோராவது ஆளுன்னு தேடிக்கிட்டிருக்காங்க. என் தம்பிய அடிச்சிருக்காங்க" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "போயிடுங்கம்மா. வேவு பாக்கத்தான் அனுப்பிச்சாங்க. வெளிய சொன்னா என் வேலைக்கு ஒல வெச்சிருவாங்க" என்றார். நான் அவர் சட்டையில் பெயர் வில்லை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இப்போதாவது பேரைக் கேட்டிருக்கலாம்தான். கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல், தராசோடு நேராக எங்கள் காவல் நிலையத்துக்குப் போனேன். நீங்கள் தேடுகிற ஆள் அரியலூரில் உங்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், போய்ப் பிடியுங்கள் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். "போலீஸ்காரன் ஒன் வூட்டுச் சோத்த ஏம்மா திங்கிறான்? கத வுடாத" என்றார். ஏன் தின்றார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும், பசித்திருக்கும் என்று சொன்னேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். ஆனால் மறுநாளிலிருந்து பதினோராவது ஆளைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்படி ஒரு ஆளைத் தேடியதாகவே அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. தேடிய ஆள் கிடைத்துவிட்டால் அடி வாங்கியவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான் முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன்.

அதற்குப் பதிலாக, அல்தாப்பால் பொது அமைதி கெடும், ஒரு வருடத்துக்கு நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று இந்த அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, போட்டுட்டா பாஸ்போர்ட்டுக்கு எழுதி அனுப்பிடுறோம்" என்று ஆய்வாளர் வீடு தேடி வந்து சொன்னார். என் கணவரும் போனில், "போட்டுத் தொலைக்கச் சொல்லு புள்ள. விசா போயிட்டா மறுபடி யாருக்கிட்ட போயி நிக்கிறது?" என்றார். அல்தாப் முடியாது என்றான். நான்தான் அவனைத் திட்டினேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உனக்கென்ன வீம்பு என்று கேட்டேன். இன்று காலை அவனைக் கையெழுத்துப் போட வைக்கத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். இதை மறைக்கவில்லை.

இங்கே வந்த பிறகு எழுத்தர் அந்தப் பத்திரத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அடையாளம் தெரியாத வெளியாட்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுத்துப் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்ததை ஒப்புக்கொள்கிறேன் என்றும், இனிமேல் இத்தகைய செயலில் ஈடுபட மாட்டேன் என்றும் அதில் இருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். சோறு போட்டது தப்பு, இனிமேல் போட மாட்டேன் என்று என் தம்பி எழுதிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட போலீஸ்காரர் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். நான் எழுந்து போய் அல்தாப் கையில் இருந்த பேனாவை வாங்கி மேசை மேல் வைத்தேன். "போடாதடா" என்றேன். "அதத்தான லாத்தா ஒரு வாரமா நானும் சொல்றேன்" என்றான்.

விசா போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று அய்யா அவர்கள் கேட்டார்கள். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஷைமாவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்றும் தெரியவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்குகிற பாஸ்போர்ட்டில் அவன் எந்த ஊருக்குப் போனாலும் குற்றவாளியாகத்தான் போய் இறங்குவான். அவன் மேல் எழுதியதை எழுதியவர்களே அழிக்க வேண்டும், அவன் பாஸ்போர்ட்டுக்கு நேர்மையாக அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த மூன்று நாளும் வேவு வேலைக்கு அனுப்பப்பட்டவர்களை அய்யா அவர்கள் இதே அறைக்கு வரவழைத்தால் அந்த ஆளை நான் அடையாளம் காட்டுவேன்.

இனிமேல் ஜமாஅத் வந்தால் ஒவ்வொருவரிடமும் பேர் விலாசம் கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு போடுவேன் என்றாவது சொல்லுங்கள், அதை வைத்து முடித்துவிடலாம் என்று அய்யா அவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். முடியாது என்று சொன்னேன். ஆதாரை வாங்கிப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. பார்த்துக்கொள்ளட்டும். என் வேலை ஆக்கிப் போடுவது.

மேலே எழுதியிருப்பது யாருடைய தூண்டுதலும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நான் சொன்னது, உண்மை. எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் நான் "சோறு போட்டோம்" என்று சொன்னதை "அடைக்கலம் கொடுத்தோம்" என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, சொன்னபடியே எழுதச் சொன்னேன். எழுதினார்கள். திருத்திய இடத்தில் ஒரு கையெழுத்தும் இங்கே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) அ. பர்சானா