பொய் சொன்ன பஞ்சு

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு விவசாயியும் மாட்டாஸ்பத்திரி காக்கிச் சட்டைக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பொய் சொன்னது பஞ்சுதாங்ணா,” என்றார் காக்கிச் சட்டை.

“எப்படிங்க?”

“உங்க பக்கத்துக் காட்டுக்காரர் மாடுங்க செத்துச்சே, அந்தக் கொட்டாய்க் கல்தரைய மொதல்ல காஞ்ச பஞ்சால தொடச்சுதான் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒண்ணும் வரல. உடனே நீங்க விஷம் வெச்சீங்கன்னு ஊரே பேசிச்சு. இந்தவாட்டி நான் பிடிவாதமா, சுத்தம் பண்ணின காடாத் துணிய ஈரமாக்கி அழுத்தித் தொடச்சேன். பஞ்சு விட்டதக் காடா பிடிச்சிருச்சு. மாட்டக் கொல்ற அடைப்பான் நோயோட, அதான் ஆந்த்ராக்ஸோட வித்து, லேப் தட்டு பூரா மொளைச்சிருக்கு!”

“துணியிலயே இருந்துச்சுன்னு சொல்லிட்டா?”

“தரையில படாத துணி ஒண்ணும் கூடவே அனுப்பினேன். அதுல ஒண்ணுமே மொளைக்கல.”

விவசாயி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் விவசாயியிடம் வந்தார். “வழக்கம்போல ஏரிக்கரைதானே? ரெண்டு மாசமா ஊருக்கு வெளியவே எறங்கிக்கறீங்களே.”

“இல்லப்பா. இன்னிக்கு சந்தைக்கு நடுவுல எறக்கி விடு. ஹாரனையும் நல்லா அடிக்கச் சொல்லு.”