ஹெடர் மாட்ட எத்தனை ஞாயிறு

எனக்கு வடாபாவ் ஒத்துக்கொள்ளாது. இருந்தும் போன மழைக்காலம் முழுக்க, ஞாயிறு தவறாமல், புனேயில் எங்கள் வானவடி குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து வடாபாவ் தின்றேன். மேல்வீட்டுப் பையனுக்காகத் தன் வயிற்றையே கெடுத்துக்கொண்டவனைப் பொல்லாதவன் என்று சொல்வதற்கு முன்னால், என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அனிருத்துக்கு என் வீட்டுக்கு நேர் மேல்வீடு. கோயம்புத்தூர்ப் பையன், ஐடி வேலை, கார் பைத்தியம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதற்கு ஹெடர் வரவழைத்திருந்தான். ஹெடர் என்றால் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்கள். கம்பெனி மாட்டியனுப்பிய வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் வண்டி சீறிக்கொண்டு போகுமாம். அதையும் தன் கையாலேயே மாட்டவேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அவன் மனைவி தீப்தி வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இந்தக் காரிலேயே கோயம்புத்தூர் வந்து பிரசவத்தின்போது கூட இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நானோ போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள். மகன் பிரணவ் கனடாவில் இருக்கிறான், தீபாவளிக்கு போன் பண்ணுவான். பாவம், மேல்வீட்டுப் பையன் தனியாகக் கஷ்டப்படுகிறானே என்று கைகொடுக்கப் போனேன்.

பழையதைக் கழற்றும் வேலை மளமளவென்று நடந்தது. இந்த வேகத்தில் போனால் அடுத்த ஞாயிறே முடிந்துவிடும் போலிருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. சர்வீஸ் காலத்திலேயே அவசர வேலை எனக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அனிருத் சாமி கும்பிடாத ஆள்தான். ஆனாலும் புது ஹெடர் மாட்டிய வண்டியை ராகு காலத்தில் முதல் முறை ஸ்டார்ட் செய்ய அவனுக்கு மனம் வராது. அது முடிய ஆறு மணி ஆகும். ஆறுக்கு மேல் எஞ்சினை முறுக்கக் கூடாது என்பது எங்கள் குடியிருப்பின் விதி. ஆக, நாலரைக்குள் முடியாவிட்டால் அடுத்த ஞாயிறுதான். ராகு காலத்தை நானா உண்டாக்கினேன்? வேலை நாலரைக்குள் முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கும் ஹெடருக்கும் நடுவில் கேஸ்கெட் என்று மெல்லிய தகடு ஒன்று உட்காரும். மடங்கினால் புகை கசியும், புதிதுதான் வாங்கவேண்டும். அது மடங்கியது. என் கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தம் ஜாஸ்தி. இன்னொரு வாரம், அவன் ஆபீஸ் போன சமயத்தில், ஸ்பானரோடு கீழே போய் நட்டுகளைத் தளர்த்திவிட்டு வந்தேன். ஞாயிறன்று இணைப்பைத் தொட்டுப் பார்த்தவன், "தப்பு என்மேலதான் அங்கிள், சரியா முறுக்கலை போல" என்றான். பழகப் பழக வந்துவிடும் என்று தட்டிக்கொடுத்தேன். அந்த ஞாயிறுகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? காலையில் எழுந்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவேன்.

பிரசவ நாள் நெருங்கியது. பேசாமல் விமானத்தில் போய்விடட்டுமா என்று அவனே கேட்டான். காரில் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாயே என்று ஞாபகப்படுத்தினேன். பெரியவர்கள் வேறு எதற்கு இருக்கிறோம்?

அந்த ஞாயிறன்று அவன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கையெல்லாம் கிரீஸ் என்று போனை என்னிடம் தந்திருந்தான். மத்தியானம் அது அடித்தது. அவன் மாமியார் விசாலம். வலி கண்டிருந்தால்தான் அந்த அம்மா அந்த நேரத்தில் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாதா? சத்தத்தை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யார் என்று கேட்டான். கிரெடிட் கார்டு விற்கிறவன் என்றேன். அப்படியென்றால் சைலண்டிலேயே இருக்கட்டும் அங்கிள் என்றான். அதற்கப்புறமும் பையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் வடாபாவ் சாப்பிட்டோம்.

சாயங்காலம் அவன் போனைப் பார்த்தபோது பெண் குழந்தை பிறந்துவிட்டிருந்தது. போனை சைலண்டில் வைக்கச் சொன்னது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு, எந்த அழைப்பு எப்போது வந்தது என்றுகூடப் பார்க்காமல், ஸ்பானரை எறிந்துவிட்டு ஓவென்று அழுதான். அப்போது அவன் முதுகைத் தடவிக்கொடுத்தது யார்? நான்தான்.

போன வாரம் தீப்தி குழந்தையோடு புனே திரும்பினாள். வந்த கையோடு சேவியர் என்ற மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் ஒரே காலையில் ஹெடரை மாட்டி முடித்துவிட்டு, இந்த நட்டுகளை யாரோ வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். தீப்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் மறைக்கவில்லை. கேஸ்கெட், நட்டு எல்லாம் நான்தான் என்றேன். நீ இல்லாமல் அவன் தனியாக இருந்தான், துணைக்கு இருந்தேன் என்றும் சொன்னேன்.

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நட்டு கெடக்குது அங்கிள். அத்தனை வாட்டி அம்மா கூப்பிட்டும் போனை சைலண்ட்ல போட்டுட்டு கெடந்தாரு பாருங்க, அதத்தான் என்னால மன்னிக்கவே முடியல. அவர்கூட சரியாப் பேசியே மாசக்கணக்கா ஆச்சு" என்றாள்.

போனைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் மனிதர் தலையிடுவது எனக்குப் பிடிக்காது.

அவர்கள் கோயம்புத்தூருக்கே குடிபோகிறார்களாம். நாளைக் காலை அந்தக் காரிலேயே கிளம்புகிறார்கள். கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் என்றால் விவரம் தெரிந்த ஒருவர் வண்டியைப் பார்த்துவிடுவது நல்லது. சற்றுமுன் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சேவியர் கெட்டிக்காரன்தான், ஆனால் நட்டுகளைத் தேவைக்கு மேல் முறுக்கியிருந்தான். அதைச் சரிசெய்துவிட்டேன்.