மஞ்சள் கவுனின் உள்பக்கம்

தையல் தெரிந்தவர்கள் எந்த உடுப்பையும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்போம், டாக்டர். மற்றவர்கள் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

ஆமாம், அந்த மஞ்சள் கவுன் நான் தைத்ததுதான். கழுத்துப் பட்டியில் ஓடுவது நைலான் நரம்பு. கைப்பைகளுக்கு ஓரம் தைக்க வாங்கி வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய நுனிகளை உள்பக்கமாக விட்டால் விரலுக்குக்கூடச் சட்டென்று தட்டுப்படாது. கழுத்துக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் முறையாகவே சொல்லிவிடுகிறேன்.

சிட்டு என் தம்பி மகள். நாலு வயது. அவள் அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எப்போது எந்தக் கட்டடத்தில் தொங்கிக்கொண்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. பகலெல்லாம் குழந்தைக்கு என் மெஷினுக்கு அடியில்தான் வாசம். வெட்டுத் துணிகளைக் குவித்து வீடு கட்டுவாள். நான் பெடலை மிதித்துக்கொண்டிருக்க, என் இன்னொரு காலைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போவாள். எனக்குக் குழந்தை இல்லை. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகத்தான்.

ஆரம்பத்தில் அவளுக்கு அந்த வெறி தானாகவேதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று தரையில் விழுந்து புரளுவாள். உங்களிடம் வந்தோம். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இது அடம் இல்லம்மா. பசி, தூக்கம், சத்தம், உடம்புல ஏதாவது உறுத்தல். நாமன்னா வாய விட்டுச் சொல்லிடுவோம். அவளுக்குச் சொல்லத் தெரியல, அதான் கத்துறா. காலர்ல இருக்கிற லேபிள் ஒண்ணு போதும்."

தம்பி மனைவி அழுதுகொண்டிருந்தாள். தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டது நான் ஒருத்திதான். வீட்டுக்குப் போனதும் அவள் உடுப்புகளில் இருந்த லேபிள்களையெல்லாம் பிரித்தெடுத்தேன். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். குழந்தை தெளிந்துவிட்டாள். உங்கள் வைத்தியம் பலித்தது, டாக்டர். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

"இவ இப்பதான் சமத்தாயிட்டாளே அண்ணி, லேப் பக்கத்துலயே ஒரு வீடு பார்த்திருக்கோம். இவளை அங்கயே ஒரு ஸ்கூல்ல சேர்த்துடலாம். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு" என்றாள் தம்பி மனைவி. நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் நல்ல பெண். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அந்த வாரம்தான் மஞ்சள் கவுனைத் தைத்தேன்.

"குளிப்பாட்டி இதைப் போட்டுவிடு. உன் கையால போட்டாத்தான் அழகு" என்று கொடுத்தேன். "எவ்வளவு நல்லா இருக்கு அண்ணி!" என்று என் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள். பட்டனைப் போட்டு முடிப்பதற்குள் சிட்டு அலற ஆரம்பித்தாள். சமாதானப்படுத்த அம்மா இறுக்கி அணைத்தாள். அணைத்தால் பட்டி இன்னும் அழுந்தும் அல்லவா? குழந்தை அம்மாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நான் போய் வாங்கி, கவுனைக் கழற்றி, பழைய பருத்திச் சட்டையை மாட்டித் தோளில் போட்டேன். பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டாள்.

"அக்கா, உன் தோள்ல எங்க ஸ்விட்ச் வச்சிருக்க? எனக்கும் காட்டேன்" என்று தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பிறகு பச்சை ஒன்று, ஊதா ஒன்று தைத்தேன். அவற்றை அவள் உங்களிடம் கொண்டுவரவில்லை போலிருக்கிறது. எல்லாம் சாயங்கால உடுப்புகள், அம்மா கையால் போடுகிறவை. என்னோடு இருக்கும் பகல் நேரத்தில் குழந்தைக்கு ஒரு சிறு உறுத்தல்கூட இருந்ததில்லை. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

ஒரு நாள் தம்பி மனைவி சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்: "பெத்துட்டேன், அவ்வளவுதான் அண்ணி. என் கை பட்டாலே அவளுக்கு ஆகல. நீங்களே வச்சுக்குங்க, இப்போதைக்கு."

"அப்படியெல்லாம் சொல்லாதடி" என்று அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன். அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் புது வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. போகும்போது அவள் அந்த மஞ்சள் கவுனை ஞாபகத்துக்கு எடுத்துப் போனாள். தலையணையில் விரித்து, அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுப்பாளாம். நரம்பு கன்னத்தைக் கீறிவிட்டது, அப்புறம்தான் கவுனை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

நரம்பை வைத்தது நான்தான். மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சிட்டு உடுத்தியிருந்தது புதுச் சட்டை. மெல்லிய துணி, மடித்துத் தைத்த ஓரம், நரம்பு கிடையாது. பெற்றவள் ஒரு நாளாவது சந்தோஷமாகத் தூக்கட்டும் என்று நானே மனசு வந்து தைத்தது. அவள் அம்மா வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். தொடக்கூட இல்லை. சிட்டு கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, வீடே அதிரும்படி அலறி, என் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

ஆகவே அந்த நரம்பை மட்டும் குறை சொல்லாதீர்கள், டாக்டர். குழந்தைகள் கத்துவதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னீர்களே. நான் முன்பே புரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அவளுக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை.