கல்லில் கறுத்த பெயர்

அன்றிரவு தேயிலை வறுக்கும் கொட்டகையில் இருந்தவர்கள் நால்வர். வறுப்பவர் யே குவான். அவர் மனைவி சுன்ஹுவா. படகோட்டி சூ. கதை சொன்ன பெரியவர் ஃபெங். வெளியே மழை. கடாய்ச் சூட்டுக்காக எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்தது ஃபெங்கின் தங்கை கணவருக்கு. பெயர் பான் ஷிஹெங். ஹாங்சோவில் பான் வம்சம் நேற்று முளைத்ததல்ல.

ஏரிக்கரைப் பாடகியின் கல்லறையைப் புதுப்பித்த வருடம் அது. இருட்டிய பிறகு அவள் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை, ஃபெங்கும் சொல்லவில்லை. பல தலைமுறைக்கு முன் கவி கட்டிப் பாடியவள். காதலித்தவன் திரும்பி வராமல், இளம் வயதிலேயே செத்தவள். அந்தக் காதலன் பான் வீட்டுப் பிள்ளை என்று ஒரு பேச்சு. கல்லறை மண்டபத்தின் பழைய தூணில் அப்படியே ஒரு வரி இருந்தது: ‘பான் மகன் வாக்குக் கொடுத்தான். வரவில்லை.’

புதுத் தூண்களுக்குக் கல் கொடுத்தவர் பான் ஷிஹெங். ஒரே நிபந்தனை, அந்த வரி கூடாது.

கல்தச்சர் லுவோ தயங்கினார். “ஐயா, அது அவளே பாடின வரின்னு எங்க ஆளுங்க சொல்வாங்க.”

“சொல்லிட்டுப் போகட்டும். என் கல்லுல வேணாம். ஒரு பாட்டுக்காரிக்காக எங்க முன்னோர் தலை குனியணுமா?”

வரி இல்லாமலே மண்டபம் எழுந்தது. கல்லறைக் கல்லின் ஓரத்தில் கொடுத்தவர் பெயரைச் செதுக்கினார்கள். உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு மை. செத்தவர் பெயருக்குக் கறுப்பு. அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம்.

சில நாளில் பான் ஷிஹெங் என்ற பெயர் கறுத்திருந்தது.

யாரோ போக்கிரியின் வேலை என்று சுரண்டி, மறுபடி சிவப்பு பூசச் செய்தார். விடிந்தால் கறுப்பு. மறுபடி பூசினார். மறுபடி கறுப்பு.

“அந்த வரியைச் செதுக்கிடுவோம் ஐயா,” என்றார் லுவோ. “இது மையோட போற விஷயமாத் தெரியல.”

“நீ உளியைப் பாரு. எந்தப் பயல்னு இன்னிக்கு நானே காவல் இருந்து பிடிக்கிறேன்.”

இரவு பத்து மணி இருக்கும். பாலம் தாண்டிய ஏரிக்கரைப் பாதையில், கல்லறை மண்டபத்தில் பான் காத்திருந்தார். ஆள் இல்லை... நாய்கூட இல்லை. வில்லோ மரக் கிளைகள் தண்ணீரில் உரசும் சத்தம் மட்டும்.

அப்புறம்... கிரீச். கிரீச்.

வண்டியின் மரச் சக்கரம். ஆனால் இழுக்கிற குதிரையின் குளம்பொலி கேட்கவில்லை. அந்தக் காலத்துக் கூண்டு வண்டிகளில் போர்த்துகிற, எண்ணெய் ஊறிய துணியின் வாடை அடித்தது. சக்கரம் நின்றது.

கல்லுக்கு முன்னால் ஒருத்தி குனிந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. தலைமுடி சொட்டிக்கொண்டிருந்தது. அந்த முடியின் நுனியையே திரித்துப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். சரக்... சரக்...

பான் ஓடவில்லை. “அது என் பேரு. நான் இன்னும் இருக்கேன்,” என்றார்.

அவள் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது, தாலாட்டுப் போல.

“என் வரியை நீங்க கல்லுலேருந்தே எடுத்தீங்க. நான் உங்க பேரை எடுக்கல. மையைத்தான் மாத்தறேன். வரியைத் திருப்பிக் கொடுங்க... சிவப்பைத் தரேன்.”

சரி என்று ஒரு சொல் போதும். பான் நினைத்துப் பார்த்தார். கல்லறைக்கு வருகிற கூட்டம் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கும். பக்கத்தில் அவர் பேரப்பிள்ளைகள் நிற்பார்கள். யாரோ ஒருவன் அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

“பான் வீட்டுல வாக்குத் தவறினவன் எவனும் இல்ல,” என்றார்.

சரக். கடைசிக் கோடு முடிந்தது.

ஃபெங் நிறுத்தினார். கொட்டகையில் யாரும் கடாயைத் தொடவில்லை.

“மிச்சம் தெரியுமே பெரியவரே,” என்றார் சூ. “காலைல பாலத்தடியில பொணமா மிதந்தாராம். என் படகுல ஏறுறவன் எல்லாம் இதைத்தான் சொல்றான்.”

ஃபெங் முதுகை நிமிர்த்தினார்.

“பொய். என் மச்சான் சாகல. விடிஞ்சதும் தன் கால்ல நடந்து வீட்டுக்கு வந்தார். இப்பவும் இருக்கார். சாப்பாடுதான்... எதைக் கொடுத்தாலும் மண்ணா இருக்குங்கறார். முன்னோருக்குப் படைக்கிற மாதிரி என் தங்கச்சி முன்னால வச்சு, ஊதுபத்தி ஏத்தி விழுந்து கும்பிட்டாத்தான் அவருக்கு இறங்குது.”