ஒரே முகவரி, இரண்டு பெட்டிகள்

— மழுப்பாத, மச்சான். உதவி கேட்டு நம்ம சங்கத்துக்கு வர்ற மெயில் எங்க போகுது? நேத்து மேடையை விட்டு இறங்குறேன், ஒரு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் எழுதினதுக்கு எவ்வளவு பொறுமையா பதில் போட்டீங்க"ன்னு கண் கலங்குது. நான் போடவே இல்லையே!

— குரலை இறக்குங்க மாமா, இங்க மைக் இல்ல. இந்தத் திரையைப் பாருங்க. இது சங்கத்தோட டொமைன், அதாவது இணைய முகவரி. வெளியில இருந்து வர்ற மெயில் எந்த சர்வர்ல போய்ச் சேரணும்னு டிஎன்எஸ்ங்கிற இணைய முகவரிப் புத்தகத்துல ஒரு வரி எழுதி வெக்கணும். உங்களுதுல ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு பழைய சர்வர், ஒண்ணு நீங்க புதுசா வாங்கினது.

— ரெண்டு இருந்தா நல்லதுதானே? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு.

— ரெண்டும் ஒரே பெட்டியில கொண்டு போய்ப் போட்டா நல்லது. இது தனித்தனிப் பெட்டி. அதுலயும் ரெண்டுக்கும் ஒரே முன்னுரிமை கொடுத்திருக்கு. அனுப்புற மெஷின் கைக்கு எது வருதோ அதுல போட்டுட்டுப் போயிடும். எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது?

— நான்தான். புதுசு வாங்கினப்ப, பழைய பதிவை நீக்கவான்னு திரையில கேட்டுச்சு. நீக்கினா மொத்தமும் போயிடுமோன்னு வேண்டாம்னுட்டேன்.

— ஊரையே புரட்டிப் போடுற மாதிரி பேசுற மனுஷன், ஒரு பட்டனுக்குப் பயந்துட்டீங்களா?

— கிண்டலை அப்புறம் வெச்சுக்க. அந்தப் பழைய பெட்டியை எவனோ திறந்து சங்கத்துப் பேர்ல பதில் போடுறான். கட்டின புருஷன் கையால அடிபட்ட பெண்களின் கண்ணீர், மச்சான்! அந்தக் கண்ணீரைத் திருடிப் படிக்கிறவன் மனிதனா? இன்னிக்குச் சாயங்காலக் கூட்டத்துல அவன் முகத்திரையைக் கிழிக்கிறேன், பார்.

— கிழிங்க. அதுக்கு முன்னாடி யாருன்னு பார்ப்போம். "உதவி வேணும்"னு மட்டும் ஒண்ணு அனுப்புறேன். ம்... புதுசுல வரலை. அப்ப பழசுக்குத்தான் போயிருக்கு. அட, மாமா! பதிலே வந்துடுச்சு!

— படி, படி!

— "உங்க மெயில் கிடைச்சது. உங்க போனை வேற யாரும் எடுத்துப் பார்ப்பாங்களா? பார்ப்பாங்கன்னா இதை உடனே அழிச்சிடுங்க. ஏன் இன்னும் அந்த வீட்டுலயே இருக்கீங்கன்னு நான் கேக்க மாட்டேன். எப்ப எழுதினாலும் இங்க ஆள் இருக்கு."

— யார் இது? யார் கொடுத்த அதிகாரம் இது?

— நான்தான் அந்தப் பதிலைப் போட்டேன். கத்தாதீங்க, உள்ள வரைக்கும் கேக்குது, வாசக்கதவு வேற திறந்து கிடக்கு.

— நீயா? என் பெண்டாட்டியோட கைவரிசையா இது? உன்னைச் செயலாளர் பொறுப்புல இருந்து எடுத்தாச்சே!

— எடுத்தீங்க. "வீட்டையும் சங்கத்தையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் துப்பில்ல"ன்னு செயற்குழுல சொல்லி எடுத்தீங்க. பாஸ்வேர்டைக் கேக்க மறந்துட்டீங்க. மெயில் வந்துக்கிட்டே இருந்துச்சு. அழுதுக்கிட்டு நிக்கிறவகிட்ட, "நான் இப்ப பொறுப்புல இல்லம்மா"ன்னு முகத்தைத் திருப்பிக்கவா?

— அக்கா, இப்ப வந்த மெயில் சோதனைக்கு நான் அனுப்பினது.

— அடப்பாவி! யாரு பெத்த பொண்ணோன்னு அடுப்பை அணைச்சுட்டுப் போனைத் தூக்கிட்டு ஓடினேன்டா. உன்னை உதைக்கணும்.

— பேச்சை மாத்தாத! அது சங்கத்தோட சொத்து. என் பெட்டிக்கு முறையா வந்திருந்தா நான்...

— மாமா, உங்க பெட்டிதான் இப்ப திறந்திருக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாம் தடிச்ச எழுத்துல நிக்குது. ஒண்ணைக்கூட யாரும் திறக்கலை.

— கூட்டம், சுற்றுப்பயணம்னு... செயற்குழுல யாராவது பார்ப்பாங்கன்னு நெனச்சேன்.

— மெயிலைப் படிச்சா யாரும் கைதட்ட மாட்டாங்க, இல்லையா?

— போதும்மா. மச்சான் இருக்கான்.

— இருக்கட்டும். இவன் இருக்கிறப்பதான் எனக்குப் பேச்சு வருது.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. டிஎன்எஸ்ல ஒரு வரிதான் நிக்கணும். எதை அழிக்க?

— என்னோடதை அழி, மச்சான். இவ முகத்தைப் பார்க்க முடியலை எனக்கு. எழுதினவங்க என்ன ஆனாங்களோ! உதவி வேணும்னா வாங்கன்னு ஊர் ஊராக் கூவினேன், வந்தவங்களை வாசல்லயே நிக்க வெச்சுட்டேன். சாயங்காலம் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன்.

— மேடை அப்புறம் இருக்கட்டும். தம்பி, வரியை அழிச்சா அந்தப் பெட்டியில கிடக்கிறதும் போயிடுமா?

— போகாதுக்கா. வந்தது வந்ததுதான்.

— நல்லது. ஒண்ணு விடாம பதில் போகணும். நான் எழுதினதும் அதுக்குள்ளதான் இருக்கும், பழசுல வந்து விழவே இல்ல.

— நீ எழுதினியா? சங்கத்துக்கா? நீ எதுக்கு எழுதின?

— மத்தவங்க எதுக்கு எழுதுறாங்களோ, அதுக்குத்தான்.