பின்கதவு

வெள்ளிக்கிழமை காலைகளில் நான் யாருடைய போனையும் எடுப்பதில்லை. அன்றுதான் புதுப் பாட்டுகள் வந்து சேரும். கீவிலிருந்து ஒருவர், லிஸ்பனிலிருந்து ஒரு பெண், இன்னும் வெளிவராததையெல்லாம் எனக்கு அனுப்புவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தால், காலையில் சாப்பிட வைத்த சீஸ் பனிட்சா தட்டிலேயே ஆறிப்போகும். நல்லதாக ஒன்று கிடைத்தால் அழுதுவிடுவேன். நம்புவீர்களோ என்னவோ, மேடம்.

ஆனால் நான் பாட்டுப் போடும் கிளப்பில் ஆட வருகிறவர்களுக்குப் புதுசு பிடிக்காது. ஏற்கெனவே கேட்டதுதான் வேண்டும். புதுசைப் போட்டால் ஒவ்வொருவராகப் பின்கதவு வழியாக முற்றத்துக்குப் போய் சிகரெட் பற்றவைப்பார்கள். காலியான தரையில் விளக்கு மட்டும் சுற்றுவதை மேடையில் நின்று நீங்கள் பார்த்ததில்லை. இந்த ப்ளோவ்டிவ் ஊரில் என் வயதுக்காரனை இன்னும் எத்தனை நாள் கூப்பிடுவார்கள்?

அந்த ஞாயிறு மதியம் பனி கொட்டி மின்சாரம் போய்விட்டது. எங்கள் கிளப் பழைய புகையிலைக் கிடங்கின் நிலவறையில் இருக்கிறது. முதலாளி சஹாரி ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார். வெளியே வைத்தால் நனையும் என்று பின்கதவுக்கு உள்பக்கம், நடையிலேயே வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தக் கதவு தெறந்தே கெடக்கணும்டா காமென். சாத்துனா புகை பூரா உள்ளதான் வரும். அப்புறம் உன் பாட்டக் கேட்டுச் சாகுறதுக்கு முன்னாடி புகையிலயே செத்துருவானுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பெட்ரோல் வாங்கப் போனவர் பனியில் மாட்டிக்கொண்டார். ஆக, எனக்குத் தெரியும். தெரியாது என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள்.

லிஸ்பன் பெண் அனுப்பியதை அன்றுதான் முதல்முறையாகப் போட இருந்தேன். மெல்ல மெல்ல ஏறும் பாட்டு அது. பொறுமையாக நின்றவர்களுக்குத்தான் கடைசியில் அதன் உச்சம் கிடைக்கும். அதற்கு முன்பே ஆட்கள் நழுவ ஆரம்பித்தார்கள். ஒரு நீளமான பாட்டை ஓடவிட்டு முற்றத்துக்குப் போனேன். குளிருது, உள்ளே வாங்க என்று அன்பாகத்தான் அழைத்தேன். எல்லோரும் வந்தார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். முன்வாசலுக்குப் படியேற வேண்டும், அந்தப் பக்கம் யாரும் அவ்வளவாகப் போக மாட்டார்கள்.

தரை நிரம்பியது. அப்படி நிரம்பி நான் பார்த்துப் பல வருடமாகிறது. லிஸ்பன் பாட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. மேடைக்கு மேலே, தெரு மட்டத்தில், ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதைத் திறந்து முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அப்போது பாரில் வேலை செய்யும் கலினா வந்தாள். அவளும் நானும் பத்து வருடப் பழக்கம். உதடு வெளுத்திருந்தது.

"தல வெடிக்குது காமென். பின்கதவ எவனோ சாத்திட்டானா?"

"நான் இப்பதான் தெறந்துட்டு வந்தேன்."

"நெசமாவா?"

"போய் உக்காரு. தண்ணி குடி. இதோட முடிவ மட்டும் கேளு, அப்புறம் சொல்லு."

அவள் என்னை நம்பினாள். பாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்; தலை மறைந்தது.

பிறகு மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி ஸ்பீக்கரில் சாய்ந்து சரிந்தாள். அவளைத் தூக்கப் போனவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். ஒரு பாட்டில் தரையில் உருண்டது; எடுக்க ஆளில்லை. கண்ணை மூடி ரசிக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அந்த நிலவறையில் என்ன கேட்கும், என்ன கேட்காது என்று நினைத்தாலே உடம்பு சில்லிட்டது. அந்தப் பயத்தில்தான் சத்தத்தை இன்னும் கூட்டினேன். பாட்டு உச்சத்துக்கு வந்தபோது நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அதன் பிறகுதான் ஜன்னல் வழியாக ஏறித் தெருவுக்கு வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஜெனரேட்டர் தானாக அணையும்வரை நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆமாம், கதவைச் சாத்தியது நான். கேட்டவளிடம் பொய் சொன்னதும் நான். அவர்களைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

கலினா பிழைத்துவிட்டாள் என்கிறீர்கள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லையாம். அந்தப் பாட்டை அவளுக்கு அனுப்பிவைக்க முடியுமா, மேடம்? பாவம், முடிவைக் கேட்காமலே தூங்கிவிட்டாள்.