சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்

தலைமை தாங்கும் தொழிற்சங்கத் தலைவர் வடக்குப்பட்டு நரசிம்மன் அவர்களே, மணிமங்கலத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே, பதினோரு நாளாக இந்த ஆலை வாசலிலேயே அடுப்பு மூட்டும் தாய்மார்களே, ஷிப்டுக்கு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய தோழர்களே, இந்தச் செய்தியாளனின் வணக்கம்.

பம்புக்கு ஆர்டர் இல்லையா? இருக்கிறது. ஆள் இல்லையா? இதோ, முந்நூறு பேர் இருக்கிறீர்கள். பிறகு ஏன் பூட்டு? பம்பைச் சுழலவைக்கும் வெளிநாட்டுப் பேரிங் இல்லை. பேரிங் எங்கே? மெட்ராஸ் துறைமுகத்தில், பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. பணம் கட்டினால்தான் விடுவார்கள். நானே போய்ப் பார்த்தேன்.

அந்தப் பேரிங்குக்கு லண்டன் வங்கி ஒன்று தொண்ணூறு நாள் கடன் கொடுத்துவந்தது. தவணை முடியும், புதுப்பிக்கும். ஆறு வருடம் புதுப்பித்தது. இந்த 1991 ஜூனில் மறுத்தது. நம் பம்பு கெட்டுப்போனதா? இல்லை. நம் நாட்டின் கையில் டாலர் வற்றியது. அந்த வங்கியில் பணம் போட்டவர்கள் பயந்தார்கள், திருப்பிக் கேட்டார்கள். வங்கி நமக்குக் கொடுத்தது அவர்கள் பணம்தானே? கையிருப்பு குறைந்தால் யாருடைய கடனை முதலில் நிறுத்துவார்கள்? பக்கத்துத் தெருக்காரன் கடனையா? கடல் தாண்டி இருப்பவன் கடனை. அங்கே ஒருவர் கையெழுத்துப் போடவில்லை. இங்கே ஆலை பஸ் நின்றது, உற்பத்தி லைன் நின்றது, சம்பளம் நின்றது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? சம்பளத்துக்கு ஈடாக, பூட்டுக்கு முன்பே செய்து முடித்த நானூறு பம்பு ஏற்றிய லாரியை மறித்தீர்கள். முனியம்மாள் சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தார். கோபம் நியாயம். ஆனால் அது கப்பலுக்குப் போகும் சரக்கு. கப்பல் வெள்ளிக்கிழமை. சரக்கு ஏறினால் டாலர் வரும். அந்த டாலர்தான் பேரிங்கை விடுவிக்கும். வேறு டாலர் இந்த ஆலைக்கு இல்லை.

பின்வரிசையில் சுப்பிரமணி கேட்கிறார்: "காசு வந்ததும் மொதலாளி கம்பி நீட்டிட்டா?" காசு நேராக இங்குள்ள வங்கிக்குத்தான் வரும், பேரிங்குக்குத்தான் போகும், தம்பி, அவர் பைக்கு அல்ல. அப்படி வங்கி எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தலைவர் படித்துவிட்டார்.

முனியம்மாளும் எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அம்மா.

"லாரிய வுட்டுட்டா அப்பால எங்க கையில இன்னா கீது சார்?"

ஒன்றும் இருக்காது, அம்மா. லாரி போனால் ஆலை திறக்கும் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். லாரி நின்றால் திறக்காது. அது மட்டும் உறுதி. லண்டனில் பயந்தவர்கள் கையில் இருந்ததை இறுகப் பிடித்தார்கள், நாம் நின்றோம். இங்கே நாமும் பயந்து இறுகப் பிடித்தால், நம்மை நிறுத்துவது யார்? நாமேதான்.

கல்லை வைத்தது உங்கள் கை, அம்மா. எடுப்பதும் உங்கள் கையாக இருக்கட்டும். டிரைவர் கோபு வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கசப்பான பேச்சைக் கேட்டுக்கொண்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.